மாமியார் மூன்று ஆண்டுகளாகச் சாப்பிடும் வலி மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தலாமா?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் காட்டிவிடக்கூடிய பிற விவரங்கள் ஆகியவற்றை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் முதலில் சுருக்கித் தருகிறேன்.

கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்; மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருவார். வீட்டில் வாசகியோடு 58 வயது மாமியாரும் ஏழு வயது மகனும் இருக்கிறார்கள். மாமியாருக்கு ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. அதற்கான மாத்திரை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கியதிலிருந்து, அதாவது மூன்று ஆண்டுகளாக, ஊரிலுள்ள மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளை அவர் காலையும் இரவும் சாப்பிட்டு வருகிறார். ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு வெள்ளை மாத்திரை, கேழ்வரகைவிடச் சற்றுப் பெரிய ஒரு குட்டி மாத்திரை, ஒரு கேப்சூல். மூன்று நாளுக்கு அறுபது ரூபாய். சாப்பிட்ட நாளில் களை எடுக்கப் போய்விடுகிறார். சென்ற மாதம் வாசகி பிடிவாதமாக நான்கு நாள் நிறுத்தியபோது, மாமியாருக்கு வாந்தியும் தலைசுற்றலும் வந்து கட்டிலை விட்டு எழ முடியாமல் போனதால், பயந்துபோய் அதே மாத்திரையை மறுபடியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது மாமியாரின் முகம் உருண்டு பூரித்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் ‘உடம்பு தேறிவிட்டது’ என்கிறார்கள். ஆனால் மாலையில் கணுக்கால் வீங்குகிறது. இரத்த அழுத்தம் 170/100 இருந்ததால், அம்லோடிபினோடு எனலாப்ரில் என்ற மாத்திரையையும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது, சென்ற ஆண்டு வாங்கி மீதமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுத்ததாகவும், இரண்டே நாளில் சரியாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். பிறகு கேட்கிறார்: “ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். எல்லாவற்றுக்கும் டாக்டரைப் பார்க்க எங்களால் முடியாது. நாமாக மருந்து வாங்கிச் சாப்பிடுவது முழுக்கத் தப்பா? அத்தையின் மாத்திரையை இந்த வெள்ளிக்கிழமையோடு ஒரேயடியாக நிறுத்திவிட்டு, சந்தையில் விற்கும் மூட்டுவலிச் சூரணத்துக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன். அது இயற்கை மருந்துதானே? மெடிக்கல் அண்ணன் மேல் புகார் கொடுக்கலாமா? ஆனால் இராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் அவர்தான் எழுந்து வருகிறார்.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளின் வரிசையை நான் மாற்றிக்கொள்கிறேன். அவற்றில் ஒன்று காத்திருக்கக் கூடாதது.

வெள்ளிக்கிழமை நிறுத்த வேண்டாம்

அந்த நான்கு நாள்களில் நீங்கள் பார்த்ததை, இந்த மாத்திரை இல்லாமல் அத்தையால் இருக்க முடியாது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது வேறொரு செய்தியைச் சொல்கிறது. மூட்டுவலி திரும்பினால் மூட்டு வலிக்கும். வாந்தியும் கிறுகிறுப்பும் வந்து ஆளையே சாய்த்துவிடாது. உருண்ட முகம், ஏறிய இரத்த அழுத்தம், நிறுத்தியதும் வந்த தளர்ச்சி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் குட்டி மாத்திரை டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு வகையாக இருக்கக்கூடும் என்ற வலுவான ஐயம் எழுகிறது. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் இந்த ஐயத்தை ஒதுக்கிவிட்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், நம் உடல் காய்ச்சலையும் காயத்தையும் பட்டினியையும் தாங்குவதற்கு வேண்டிய கார்ட்டிசோலை நாள்தோறும் சுரக்கின்றன. அதே வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால், சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்ளும்; சில வாரங்கள் சென்றால் ஏறக்குறைய உறங்கியே போகும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் அவை உடனே விழித்துக்கொள்வதில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து, இடையில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஸ்டீராய்டை மருத்துவர் மேற்பார்வையில், வாரங்களாகவோ மாதங்களாகவோ, சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

எனவே வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் நாளைக் காலையிலேயே அத்தையை அழைத்துக்கொண்டு போங்கள். பென்னாகரம் அரசு மருத்துவமனையோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பேருந்து எதற்கு வசதியாக இருக்கிறதோ அங்கே போகலாம். எது எந்த மாத்திரை என்று தெரியாத நிலையில், இந்த ஒரு நாளுக்காக நீங்களே எதையும் பிரித்து எடுத்துவிட வேண்டாம். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பழையபடி வாந்தியும் மயக்கமும் வந்தாலோ நாளை வரைகூடக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

இரண்டு மருந்துகள் சிறுநீரகத்தில் சந்திக்கும்போது

மஞ்சளும் வெள்ளையும் என்னவென்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய பொட்டலங்களில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மருந்து ஒன்றாவது இருப்பது வழக்கம். பாலக்கோடு பக்கத்தில் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, என் மேசையின் மேல் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அட்டையைக் கத்தரித்துத் தந்திருந்தார்கள். மருந்தின் பெயரில் பின்பாதி மட்டும் ஒரு துண்டில் இருந்தது, இன்னொரு துண்டில் விலையின் இரண்டு இலக்கங்கள், காலாவதித் தேதி எந்தத் துண்டிலும் இல்லை. அரைமணி நேரம் அந்தத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துத்தான் அவற்றில் இரண்டு ஒரே வகை வலி மருந்து என்று கண்டுபிடித்தேன். வயிற்றெரிச்சலுக்கென்று மூன்றாவதாகக் கேப்சூல் ஒன்றும் அதில் இருந்தது. உங்கள் அத்தையின் பொட்டலத்திலுள்ள கேப்சூலும் அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

வலி மருந்தால் வயிற்றில் புண் வரும் என்பது பலருக்கும் தெரியும். ஸ்டீராய்டும் கூடச் சேர்ந்தால் அந்தப் புண்ணிலிருந்து இரத்தம் கசியும் வாய்ப்பு இன்னும் பெருகும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. சிறுநீரகக் கதையோ யாருக்கும் தெரிவதேயில்லை, ஏனென்றால் சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலிக்காது. அதன் வடிகட்டிகளுக்குள் இரத்தம் நுழையும் வாசலை விரித்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள்; வலி மருந்து அவற்றின் உற்பத்தியைத்தான் அடைக்கிறது. புதிதாகச் சேர்த்த எனலாப்ரில், இரத்தம் வெளியேறும் வாசலைத் தளர்த்துகிறது. தனியாகக் கொடுத்தால் எனலாப்ரில் நல்ல மருந்து. ஆனால் உள்ளே வருவது குறைந்து வெளியே போவது கூடினால் வடிகட்டிக்குள் அழுத்தம் நிற்காது. சித்திரை வெயிலில் வியர்த்துக்கொட்டிக் களை எடுத்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் வீடு திரும்பும் ஒருவருக்கு இந்தச் சேர்க்கை எவ்வளவு கெடுதல் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதற்கு இந்தியாவில் 2006-இல் தடை வந்தது. அந்த மருந்து போட்ட மாடு செத்துக் கிடக்க, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்ததுதான் காரணம். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப்போல அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. ஆனால் கழுகு உண்டது ஓர் இரை, உங்கள் அத்தை உண்பது மூன்று ஆண்டு மாத்திரை.

இரத்த அழுத்தத்துக்கு வருவோம். வலி மருந்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், ஸ்டீராய்டும் ஏற்றும். இவை ஏற்றிய அழுத்தத்தைக் கண்டு, இன்னொரு மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை, காகிதப் பொட்டலத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வரும் அந்தத் தன்னார்வலரிடம் எல்லா மாத்திரைகளையும் காட்டுவது, அழுத்தத்தை அளந்துகொள்வதற்கு இணையான முக்கியம் உடையது. கணுக்கால் வீக்கம் அம்லோடிபினாலும் வரக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது சிறுநீரகத்தாலா, மாத்திரையாலா என்பதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஆகியவற்றைப் பார்த்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும். அரசு மருத்துவமனையில் இவற்றுக்குக் கட்டணமில்லை.

கூலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மூன்று நாளுக்கு அறுபது ரூபாய் என்றால் மாதத்துக்கு 600, ஆண்டுக்கு 7,200, மூன்று ஆண்டுகளுக்கு 21,600 ரூபாய். இத்தனை கொடுத்தும் வலி ஏன் வருகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

வலி எங்கிருந்து வருகிறது

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்திலேயே முக்கியமான இடம் அதுதான். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதாகவும், அத்தையின் பல்லில் சிறுவயது முதலே பழுப்புக் கோடுகள் உண்டு என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளூரோசிஸ் (புளூரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்ற சொல் இருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளூரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிலை சொல்கிறது. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால், சிறுவயதில் பல்லில் கோடு விழும். நடுவயதில் முதுகும் கழுத்தும் முழங்காலும் விறைத்துப்போகும். இது முடக்குவாதம் போலவும் மூட்டுத் தேய்மானம் போலவும் தோற்றம் காட்டும்.

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளூரைடு போகாது. நீர் ஆவியாகி வற்றுவதால் மீதத்தில் அதன் செறிவு சிறிது கூடவே செய்யும்.

அத்தையை மூன்று காரியங்கள் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சோடு சேர்ப்பது, இரு கைகளையும் பின்னந்தலையில் கோத்துக்கொள்வது. மூன்றும் கடினமாக இருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் புளூரைடு சோதனையும் தேவையா என்று அவர் தீர்மானிப்பார். இவை முடியவில்லை என்பதாலேயே புளூரோசிஸ் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 58 வயதில் வெறும் தேய்மானத்தாலும் குனிய முடியாமல் போகும். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உடலுக்குள் வந்த புளூரைடில் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. வலிக்கு மாத்திரை சாப்பிட்டு, அதனால் சிறுநீரகம் நலிந்து, அதனால் புளூரைடு இன்னும் தேங்கி, அதனால் வலி இன்னும் கூடுவது என்பது நடக்கக்கூடிய ஒன்று. ஸ்டீராய்டோ எலும்பை வேறொரு பக்கமிருந்து அரிக்கிறது.

இதற்குப் புளூரைடைக் கரைத்து எடுக்கும் மாத்திரை என்று ஒன்றில்லை. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வதும், கிணற்றுத் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் ஒதுக்குவதும்தான் முதல் மருந்து. சுண்ணாம்புச் சத்தும் உதவும். அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கேழ்வரகுக் களி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வலிக்கு, பரிசோதனை முடிவு வரும்வரை, பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளுக்கு ஆறுக்கு மேற்படாமல் தரலாம். அதற்கு முன் பொட்டலத்தில் ஏற்கெனவே பாராசிட்டமால் இல்லை என்பது உறுதியாக வேண்டும். வெந்நீர் ஒத்தடமும், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் முழங்காலுக்கு நல்லது. மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் பயிற்சியைச் செய்துகாட்டுவார்.

சந்தைச் சூரணத்தை வாங்காதீர்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் பார்த்துத் தரட்டும். ஆனால் பெயர்ச்சீட்டும் உரிம எண்ணும் இல்லாத பொடியில் ஸ்டீராய்டைப் பொடித்துக் கலப்பதுண்டு. அப்படியானால் நீங்கள் ஒரு பொட்டலத்தை விட்டு இன்னொரு பொட்டலத்துக்கு மாறியதாகத்தான் ஆகும். இயற்கையில் விளைவது என்பதும் காப்புறுதி ஆகாது. நம் கரட்டு நிலங்களில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது.

நாமாக மருந்து சாப்பிடுவது தப்பா?

இல்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் மருத்துவரிடம் ஓடு என்று சொல்பவர், பென்னாகரத்து மலையடிவாரத்தில் பேருந்துக்கு நின்று பார்த்ததில்லை என்றே நினைப்பேன். 1971-இல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலராவால் மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலிப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை, நோயாளிகளின் வீட்டாரே வாய்வழி ஊட்டும்படி செய்தார். நூற்றுக்கு முப்பதை ஒட்டி இருந்த சாவு, அவர் பொறுப்பில் இருந்த இடத்தில் நான்குக்கும் கீழே இறங்கியது. நாம் இன்று ஓ.ஆர்.எஸ். என்று வாங்கும் பொட்டலத்தின் பெருமை அது. கொடுத்தவர்கள் தாய்மாரும் உறவினரும்தான். சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் பாராசிட்டமால், வலித் தைலம் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமமின்றியே விற்க 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் இடம் தருகின்றன.

நான் பார்ப்பது மூன்று செய்திகள்தான்: மருந்தின் பெயர் உங்களுக்குத் தெரியுமா, எத்தனை நாள் கொடுப்பது என்று தொடங்கும் முன்பே முடிவுசெய்தீர்களா, இதே ஆள் வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று யோசித்தீர்களா. உங்கள் அத்தையின் விஷயத்தில் மூன்றுக்கும் இல்லை என்பதே பதில். காய்ச்சலுக்கு மூன்று நாள், புதிதாக வந்த வலிக்கு ஐந்து நாள். அதற்குள் தணியாவிட்டால் அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள்.

வீட்டில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., அரிப்புக்கும் தும்மலுக்கும் செட்டிரிசின், வயிற்றெரிச்சலுக்கு ஜெல் மருந்து, காயத்துக்குப் போவிடோன் அயோடின் களிம்பு ஆகியவை இருந்தால் போதும். எதையும் அட்டையோடு வாங்குங்கள், அடுப்பு மேடையை விட்டுத் தள்ளி, பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்துத் தம்ளருக்கு ஒரு சிட்டிகை போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. உறையில் ஒரு லிட்டர் என்றிருந்தால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்று பெயரிட்டு விற்ற இனிப்புப் பானங்கள் வேறு. அவை அந்தப் பெயரைப் பயன்படுத்துவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்துவிட்டது. செட்டிரிசின் தூக்கம் தரும், சாரத்தில் ஏறி வேலை செய்யும் உங்கள் கணவருக்குப் பகலில் வேண்டாம். அவர் குடிப்பவராக இருந்தால் பாராசிட்டமாலையும் வழக்கமான அளவுக்குக் குறைத்தே கொடுக்க வேண்டும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருப்பதால், இரண்டையும் ஒன்றாகத் தந்தால் அளவு இரட்டிப்பாகும். டெங்கு நடமாடும் மாதங்களில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, இரத்தக் கசிவை அவை மோசமாக்கும். இன்னொன்று: நாற்பதைத் தாண்டியவருக்கு நெஞ்சு எரிந்து வியர்த்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடாவும் ஜெல்லும் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள், அது மாரடைப்பாக இருக்கலாம்.

மகனுக்குக் கொடுத்த சிரப்

சிரப்பால்தான் காய்ச்சல் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. மூன்று முதல் ஐந்து நாளில் தாமாகவே அடங்கும். ஆன்டிபயாடிக் வைரசைத் தொடுவதே இல்லை. நீங்கள் அதைக் கொடுத்த நாள், காய்ச்சல் இறங்கவிருந்த நாளுக்கு முந்தியதாக இருந்திருக்கும். அதோடு, பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் சிரப்புகள் கலந்த பிறகு ஏழு, பத்து நாளுக்கு மேல் நிற்பதில்லை. ஓராண்டு அலமாரியில் இருந்தது மருந்து என்ற பெயருக்கே உரியதன்று. ஒருவேளை அது டைபாய்டாக இருந்திருந்தால், அரைகுறை மருந்து நோயை அடக்காமல், இரத்தப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் மட்டும் செய்திருக்கும். மீதியைக் கொட்டிவிடுங்கள்.

மகன் 20 கிலோ என்கிறீர்கள். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றிருந்தால் ஒரு வேளைக்கு 5 மி.லி.; 125 மி.கி. என்றிருந்தால் 10 மி.லி.; ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சமையலறைக் கரண்டி ஒவ்வொன்றும் ஓர் அளவு. புட்டியோடு வரும் மூடியாலேயே அளந்து கொடுங்கள். நிமெசுலைடு என்ற பெயர் உறையில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் அதைத் தருவதற்கு 2011 முதல் தடை இருக்கிறது. நீர் அருந்த மறுப்பது, வேகமாக மூச்சு விடுவது, வலிப்பு, எழுப்பினால் விழிக்காத சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் மூன்று நாள் கணக்கைப் பார்க்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. டைக்ளோஃபெனாக்கோ ஸ்டீராய்டோ மருத்துவர் சீட்டின்றி, பதிவுபெற்ற மருந்தாளுநர் மேற்பார்வையின்றித் தரக்கூடாதவை. டிராமடால் போன்ற சில வலி மருந்துகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் 2014 மார்ச் முதல் இன்னும் கடுமையான எச்1 அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மாவட்டத்திலுள்ள மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் தரலாம். இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு இரண்டு ஆண்டு வரம்பு உண்டு, ஆனால் பில் இல்லாத உங்கள் நிலையில் அது எளிதாக இராது.

ஆயினும், நாளைக் காலை உங்களுக்குத் தேவைப்படுவது புகாரைவிட அந்த நான்கு மாத்திரைகளின் பெயர்கள். இன்று மாலையே கடைக்குப் போய், ‘அண்ணா, அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், டாக்டர் மருந்துப் பெயர் கேட்பார், எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுதிக் கொடுப்பார். அவரும் அந்த ஊரில்தான் வாழ வேண்டும், இரவில் எழுந்து வருகிறவர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. எழுதித் தர மறுத்தாரானால் புகாருக்குத் தயங்கத் தேவையில்லை, மீதிப் பொட்டலம் அப்போது சான்றாகும். இனி அவரிடம் எதை வாங்கினாலும் அட்டையோடும் பில்லோடும் கேளுங்கள். அட்டையின் இடப்பக்கம் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் கிடக்கும் எல்லா மருந்துகளையும், பாதி தீர்ந்த புட்டி, பழைய களிம்பு, மடித்த காகிதம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு நாளை எடுத்துப் போங்கள். வெளிநோயாளர் சீட்டுப் போடும்போதே, மூன்று ஆண்டுகளாக வலி மாத்திரையும் ஸ்டீராய்டாக இருக்கக்கூடிய மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீர் ஆல்புமின் ஆகிய மூன்றின் முடிவும், கடைக்காரர் எழுதித் தந்த பெயர்களும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். வலிக்கு நெடுநாள் என்ன தரலாம் என்பதை அவற்றைப் பார்த்த பிறகே என்னால் சொல்ல முடியும்.